ஆங்கிலத்தில் ஒருபொருட் பன்மொழி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் சொற்களின் பொருளையும், அவற்றுக்கு ஒத்த பொருள் தரும் சொற்களையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளின் கையில் ஒரு பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதற்கு 'சினானிம்' என்று நான்கைந்து சொற்கள். விடிகாலையில் எழுந்து அதை நெட்டுருப் போடுகிறார்கள். அவர்கள் உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால், அந்த நான்கைந்தும் ஒன்றுக்கொன்று ஈடு, எது வேண்டுமானாலும் எதன் இடத்திலும் உட்காரும் என்று நம்பிவிடுகிறார்களே, அதுதான் எனக்குக் கவலை. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, ஏன் அது நிற்காது என்பதே இன்றைய என் பேச்சு.

இதற்கு ஒரு மருத்துவரிடமிருந்து தொடங்க வேண்டும். பீட்டர் மார்க் ரோஜே 1779 ஜனவரியில் லண்டனில் பிறந்தவர். தந்தை ஜெனீவாவிலிருந்து வந்த பாதிரியார். மகனுக்கு நான்கு வயதானபோது காலமாகிவிட்டார். பையன் எடின்பரோவில் மருத்துவம் படித்து 19 வயதில் பட்டம் வாங்கினார். மான்செஸ்டரில் மருத்துவராக இருந்தபோது, 1805-இல், சொற்களைக் கருத்து வாரியாகப் பிரித்து ஒரு நோட்டில் எழுதினார். அதை அச்சிடும் எண்ணமெல்லாம் அப்போது இல்லை. கட்டுரையும் சொற்பொழிவும் எழுத உட்காரும்போது வேண்டிய சொல் கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான். பிறகு வாழ்க்கை அவரை வேறு திசைகளில் கொண்டுபோனது. கணக்குப் போடும் நழுவு அளவுகோலில் ஒரு புதிய வகையைக் கண்டுபிடித்து, 1815-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1827 முதல் 1848 வரை அந்தச் சங்கத்தின் செயலாளர். விலங்குகள், தாவரங்களின் உடலியல் பற்றி 1834-இல் பெரிய நூல் ஒன்றையும் எழுதினார்.

பதவி ஓய்வுக்குப் பிறகுதான் பழைய நோட்டை விரிக்க நேரம் கிடைத்தது. அதை விரித்து எழுதி, 1852-இல் லாங்மன் நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 73. இன்று உலகமெங்கும் 'தெசாரஸ்' என்றால் நினைவுக்கு வருவது அந்த நூல்தான். 1869-இல் தமது 90-ஆம் வயதில் இறக்கும் வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். அதற்குள் 28 பதிப்புகள் வந்துவிட்டன. பின்னால் மகன் ஜான் லூயிஸ் ரோஜேயும், அவருக்குப் பின் பேரனும் அதைப் பதிப்பித்தார்கள். மூன்று தலைமுறை ஒரு நூலைப் பேணியிருக்கிறது.

அந்த நூலின் அமைப்பைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அகர வரிசை கிடையாது. உலகத்தில் மனிதன் எண்ணக்கூடிய எல்லாவற்றையும் ஆறு வகுப்புகளுக்குள் கொண்டுவந்தார் ரோஜே. அருவமான உறவுகள், இடம், பருப்பொருள், அறிவு, விருப்பாற்றல், உணர்வு என்று போகிறது வரிசை. அவற்றுக்குள்ளே சுமார் ஆயிரம் தலைப்புகள். முதல் தலைப்பு 'இருப்பு'. அதற்கு எதிர்ப்பத்தியில் 'இல்லாமை'. இப்படி நேர்ச்சொற்கள் ஒரு பத்தியிலும் எதிர்ச்சொற்கள் பக்கத்துப் பத்தியிலுமாக, ஒரே பார்வையில் இரண்டும் தெரியும்படி அச்சிட்டார். தலைப்புக்குக் கீழே பெயர்ச்சொற்கள், வினைச்சொற்கள், அடைச்சொற்கள், தொடர்கள் எல்லாம் வகைவகையாக நிற்கும்.

ஒன்று மட்டும் இருக்காது. எந்தச் சொல்லுக்கும் பொருள் இருக்காது.

ரோஜே தெரிந்தே செய்தது இது. சொல் தெரிந்து பொருள் தெரியாதவனுக்கு அகராதி இருக்கிறது. பொருள் மனத்தில் இருந்தும் சொல் நாக்கு நுனியில் நின்று வர மறுப்பவனுக்கு இந்த நூல். ஆகவே அதைத் திறப்பவன் அங்குள்ள சொற்களை ஏற்கெனவே அறிந்தவனாக இருக்க வேண்டும். பார்த்தவுடன், "ஆமாம், இதுதான்" என்று அடையாளம் கண்டுகொள்வான். அடுத்ததைப் பார்த்து, "இது வேண்டாம், இங்கே ஒட்டாது" என்று தள்ளுவான். தேர்வு செய்கிறவனுக்கான சந்தை அது. அதையே பொருள் தெரியாத பிள்ளையின் கையில் கொடுத்து, "எல்லாம் ஒன்றுதான், எடுத்துக்கொள்" என்று நாம் சொல்லிவிட்டோம்.

ரோஜேயின் முன்னுரையில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. நமக்கு அது முக்கியம். கருத்து வாரியாகச் சொற்களைத் தொகுத்த பழைய முயற்சிகளைச் சொல்லும்போது முதலாவதாக அவர் குறிப்பிடுவது சம்ஸ்கிருத அமரகோசத்தை. கோல்புரூக் அதற்குச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1808-இல் வங்காளத்தின் செராம்பூரில் அச்சானது. தமிழ் நிகண்டுகளின் பெயர் அங்கே இல்லை. இருந்திருக்க வேண்டிய இடம்தான். திவாகரம் சொற்களைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பிரிக்கிறது: தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று தொடங்கி, பண்பு, செயல், ஒலி வரை வந்து, ஒரு சொல் பல பொருள் தொகுதியையும் தொட்டுப் போகிறது. பிங்கலம் பத்து வகைகளாகப் பிரிக்கிறது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டோ மீண்டும் பன்னிரண்டு. இவையெல்லாம் ரோஜேக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை.

இரண்டு மரபுக்கும் உள்ள வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். நம் நிகண்டு செய்யுளில் இருக்கிறது. திண்ணைப் பள்ளியில் வாய்விட்டுச் சொல்லி நெஞ்சில் ஏற்றிக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது. பெரும்பாலும் அதன் வேலை செய்யுளைப் படிக்க உதவுவது. காப்பியத்தில் 'களிறு' என்றும் 'வேழம்' என்றும் 'கரி' என்றும் வந்தால் எல்லாம் யானைதான் என்று மாணவன் தெரிந்துகொள்ள வேண்டும். படிப்பதற்கு அந்த அளவு போதும். ரோஜேயின் நூலோ எழுதுவதற்கு. எழுதும்போது 'எல்லாம் யானைதான்' என்பது போதாது. களிறு ஆண் யானை, பிடி பெண் யானை என்று தெரியாமல் எழுதினால் படிக்கிறவர் முகம் சுளிப்பார். நெட்டுருவுக்குப் பழகிய நாம், எழுதுவதற்கான நூலையும் நிகண்டைப் போலவே மனப்பாடம் செய்யப் போனோம். அங்கேதான் வழி தவறியது என்று நான் நினைக்கிறேன்.

ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்கு இத்தனை சொற்கள் எப்படிச் சேர்ந்தன? 1066-இல் நார்மன் படை இங்கிலாந்தைப் பிடித்தது. அதன் பிறகு அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு, திருச்சபையிலும் கல்வியிலும் லத்தீன், வயலிலும் வீட்டிலும் பழைய ஆங்கிலம் என்று மூன்று மொழிகள் ஒரே நாட்டில் வாழ்ந்தன. வழக்குமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டம் வந்ததே 1362-இல்தான். மூன்றும் கலந்தபோது ஒரே வேலைக்கு மூன்று சொற்கள் கிடைத்தன. கேட்பதற்கு 'ஆஸ்க்' பழைய ஆங்கிலம், 'க்வெஸ்சன்' பிரெஞ்சு வழி வந்தது, 'இன்டராகேட்' லத்தீன். அம்மா பிள்ளையிடம் "சாப்பிட்டாயா?" என்று கேட்பது 'ஆஸ்க்'. மேலதிகாரி கணக்கில் சந்தேகப்பட்டுக் கேட்பது 'க்வெஸ்சன்'. காவல் நிலையத்தில் உட்காரவைத்துத் துருவித் துருவிக் கேட்பது 'இன்டராகேட்'. அரசனுக்கு உரியதைச் சொல்ல 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்' என்று மூன்று உண்டு. அரச குடும்பத்துக்கு 'ராயல் ஃபேமிலி' என்பார்கள். 'ரீகல் ஃபேமிலி' என்று எவரும் சொல்வதில்லை. தோற்றத்தின் கம்பீரத்தைச் சொல்லத்தான் 'ரீகல்'.

வயலில் மேய்ந்தால் ஆங்கிலச் சொல், தட்டில் பரிமாறினால் பிரெஞ்சுச் சொல் என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 'ஷீப்', 'மட்டன்' என்ற ஜோடியைக் காட்டுவார்கள். 1819-இல் வால்டர் ஸ்காட்டின் ஐவன்ஹோ நாவல் அதைப் பரப்பியது. வேர்கள் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு ஒழுங்காகப் பிரிந்து நின்றது பின்னாள் பழக்கம். இங்கிலாந்தில் 'மட்டன்' செம்மறி இறைச்சி; நம் ஊர்க் கறிக்கடையில் வெள்ளாடும் மட்டன்தான். கடல் தாண்டினால் பொருளும் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது.

சட்ட ஆவணங்களில் இந்தக் கலப்பு இன்னும் அப்படியே உறைந்து கிடக்கிறது. உயிலுக்கு 'வில் அண்ட் டெஸ்டமென்ட்': முதல் சொல் ஆங்கிலம், இரண்டாவது லத்தீன். கன்னக்கோல் குற்றத்துக்கு 'பிரேக்கிங் அண்ட் என்டரிங்': முதலாவது ஆங்கிலம், இரண்டாவது பிரெஞ்சு. உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் இந்திய பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். இதை வைத்திருப்பவரை 'லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' இல்லாமல் போகவிடும்படி குடியரசுத் தலைவர் பெயரால் வேண்டுகோள் இருக்கும். 'லெட்' என்றால் 'அனுமதி' என்றல்லவா படித்திருக்கிறோம்? இது வேறு 'லெட்'. பழைய ஆங்கிலத்தில் தடுப்பதைக் குறித்த இன்னொரு வினைச்சொல்லின் வாரிசு. எழுத்தும் ஒலியும் ஒன்றாகி, பொருள் நேரெதிராக நிற்கிறது. கோடிக்கணக்கான இந்தியர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறார்களே, அந்த ஏட்டில் இருக்கிறது இந்தச் சொல்.

இனி, பட்டியலில் அருகருகே நிற்கும் சொற்கள் வாக்கியத்துக்குள் போனதும் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். 'ஹெல்ப்' என்பதற்கு எதிரே பட்டியலில் 'எய்ட்', 'அசிஸ்ட்', 'அபெட்' என்று இருக்கும். ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு மாணவி 'ஹெல்ப்' என்ற எளிய சொல் தாழ்வாகத் தெரிகிறதே என்று எண்ணி, 'அபெட்' என்று மாற்றி எழுதினால் என்ன ஆகும்? 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 107-ஆம் பிரிவு பேசியது அந்தச் சொல்லைத்தான். தமிழில் 'உடந்தை' என்கிறோம். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் ஆங்கில வடிவத்திலும் அதே சொல் தொடர்கிறது. நன்றி சொல்லப் போனவள் தன் பேராசிரியரைக் குற்றத்துக்கு உடந்தை ஆக்கிவிடுகிறாள். பட்டியல் பொய் சொல்லவில்லை. 'அபெட்' என்பதும் உதவிதான். எந்தக் காரியத்துக்கு உதவி என்பதைப் பட்டியல் சொல்லாமல் விட்டுவிட்டது.

மறுப்பதற்கு 'ரெஃப்யூஸ்', 'ரிஜெக்ட்', 'டிக்ளைன்'. கல்யாணத்துக்குப் போக முடியவில்லை என்று எழுத 'டிக்ளைன்' வரலாம். அதில் பணிவு இருக்கிறது. 'ரிஜெக்ட்' என்று எழுதினால், அழைப்பிதழைத் திருப்பி முகத்தில் எறிந்ததாகிவிடும். தொழிற்சாலையில் தரமில்லாத சரக்குக்கு 'ரிஜெக்ட்' சரி. கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒருவர் உறுதியாக நிற்பது 'ரெஃப்யூஸ்'. இதெல்லாம் நமக்குப் புதிதா? 'செத்தான்', 'இறந்தார்', 'காலமானார்', 'மறைந்தார்', 'இயற்கை எய்தினார்', 'சிவலோக பதவி அடைந்தார்' என்பவற்றில் யாருக்கு எதைச் சொல்வது என்று நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அதே நுட்பம் ஆங்கிலத்திலும் உண்டு என்று யாரும் அந்தக் குழந்தைக்குச் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் மரணச் செய்தியில் 'எக்ஸ்பயர்ட்' என்று மரியாதையாக எழுதுகிறோம். இந்தியாவில் அது மரியாதைச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. பிரிட்டனில் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது கெடு முடிந்த ஓட்டுநர் உரிமமும் மருந்துப் புட்டியும்தான்.

இந்த வேறுபாடுகளை எழுதிவைத்தவர்களும் இருந்தார்கள். அகராதி ஆசிரியர் டாக்டர் ஜான்சனின் நெருங்கிய தோழியாக இருந்த ஹெஸ்டர் பியோஸி 1794-இல் ஆங்கில ஒருபொருட்சொற்களைப் பற்றி இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். அவருடைய இரண்டாவது கணவர் இத்தாலிய இசைக்கலைஞர். ஆங்கிலம் பேச வரும் வெளிநாட்டவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பது வீட்டிலேயே தெரிந்திருக்கும். 1816-இல் ஜார்ஜ் கிராப் இன்னும் பெரிதாக ஒன்று எழுதினார். இவர்கள் ரோஜேக்கு முந்தியவர்கள். ஆனாலும் உலகம் கையில் எடுத்துக்கொண்டது வேறுபாடு சொன்ன நூல்களை அல்ல; பட்டியலைத்தான். அது எனக்கு இன்றும் வருத்தம்.

ஒரு சொல்லைச் சரியாகப் பயன்படுத்த எது உதவும் என்பதை இங்கிலாந்துக்கு வெளியே ஆங்கிலம் கற்பித்தவர்கள்தான் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்தைப் படிக்க முடியாமல் திணறுவதை நேரில் பார்த்தவர். 1935-இல் அவர் வெளியிட்ட அகராதி சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கியது. கடினமான சொல்லுக்கு இன்னொரு கடினமான சொல்லைப் பொருளாகக் கொடுத்து ஏய்க்கவில்லை. ஏ. எஸ். ஹார்ன்பி டோக்கியோவில் ஆசிரியர். அவரும் இரு தோழர்களும் ஜப்பானிய மாணவர்களுக்காக உருவாக்கிய அகராதி, போர் நடுவில், 1942-இல் டோக்கியோவிலேயே அச்சானது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்து வெளியிட்டது. நம் கல்லூரி நூலகங்களில் அட்டை கிழிந்து, ஓரம் கறுத்துக் கிடக்கிறதே 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி', அதன் மூலம் இதுதான். ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் எந்த அமைப்பு வரும் என்று ஒவ்வொன்றுக்கும் குறித்துக்கொடுத்தது அதன் தனிச்சிறப்பு.

லண்டனில் ஜே. ஆர். ஃபிர்த் என்ற மொழியியலாளர் ஒரு சொல்லின் பொருளில் அதன் கூட்டாளிச் சொற்களுக்கும் பங்குண்டு என்று வற்புறுத்தினார். அதைக் கணினியைக் கொண்டு செயலில் காட்டியவர் பர்மிங்ஹாமின் ஜான் சின்க்ளேர். 1987-இல் வந்த அவருடைய கோபில்டு அகராதி முழு வாக்கியங்களில் பொருள் சொன்னது. எடுத்துக்காட்டுகளையும் உண்மையான எழுத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் எடுத்தது.

கூட்டாளிச் சொல் என்றால் என்ன என்பதை நம் 'எடு' காட்டிவிடும். மார்க் எடுத்தான், படம் எடுத்தான், வாந்தி எடுத்தான், பசி எடுத்தது, ஓட்டம் எடுத்தான். இவற்றில் ஆங்கிலத்து 'டேக்' வந்து உட்காருவது படத்துக்கு மட்டும்தான். மார்க்குக்கு 'கெட்', பசிக்கு 'ஃபீல்' என்று ஒவ்வொன்றும் வேறு வீட்டுக்குப் போய்விடும். மாத்திரையை நாம் சாப்பிடுகிறோம், அங்கே 'டேக்'. ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியில் 'டேக்' என்ற ஒரே வினைக்கு 134 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். சின்னச் சொற்கள்தாம் கடினமானவை. நம் பிள்ளைகள் பயப்பட வேண்டியது நீண்ட லத்தீன் சொற்களைக் கண்டு அல்ல. 'இன்வெஸ்டிகேட்' என்றால் உடனே புரிகிறது. அதையே 'லுக் இன்டு' என்றால் விழிக்கிறார்கள். 'டாலரேட்' தெரியும், 'புட் அப் வித்' தெரியாது. 'போஸ்ட்போன்' தெரியும், 'புட் ஆஃப்' தெரியாது. ஆங்கிலேயர் வீட்டிலும் கடையிலும் அதிகம் பேசுவது இந்தச் சின்னத் தொடர்களைத்தான்.

நமக்கு இது இயல்பாகவே பிடிபட வேண்டிய விஷயம். 'விட்டுக்கொடு' வேறு, 'கொடுத்துவிடு' வேறு, 'விட்டுவிடு' வேறு. இரண்டே வினைகள், இடம் மாறினால் பொருள் மாறுகிறது. 'செய்துவை', 'செய்துபார்', 'செய்துகொள்', 'செய்து தொலை' என்பவற்றில் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் சிறு வினை, பேசுகிறவரின் மனத்தையே காட்டிவிடுகிறது. 'கிவ் அப்', 'கிவ் இன்', 'கிவ் அவே' ஆகியவற்றை இந்த வழியாகக் கற்பித்தால் நம் பிள்ளைகளுக்கு எளிதில் ஏறும். முதலாவது முயற்சியைக் கைவிடுவது, இரண்டாவது எதிராளிக்குப் பணிந்துபோவது, மூன்றாவது இலவசமாகக் கொடுத்துவிடுவது; ரகசியம் வெளிப்பட்டுப்போவதற்கும் அதுவே.

இவ்வளவும் சொன்னது ஒரு வேண்டுகோளுக்காக. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தாளின் முதல் பகுதியில் ஒத்த சொல்லைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் வருகின்றன. ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லைச் சாய்வெழுத்தில் காட்டி, நான்கு விடைகள் கொடுப்பார்கள். வாக்கியத்தைப் படிக்காமலே, பாடப்புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவை நினைவில் கொண்டு விடை எழுதிவிட முடிகிறது. முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. அந்தக் கேள்வியை எடுத்துவிட வேண்டாம். கொஞ்சம் திருப்பிக் கேளுங்கள். 'பிக்', 'லார்ஜ்', 'கிரேட்' மூன்றையும் கொடுத்து, 'மிஸ்டேக்', 'அமவுன்ட்', 'ப்ளெஷர்' என்ற மூன்றோடும் சேர்க்கச் சொல்லுங்கள். பெரிய தவறு 'பிக்', பெருந்தொகை 'லார்ஜ்', பெருமகிழ்ச்சி 'கிரேட்' என்று சேர்த்தவன் அந்த மூன்று சொற்களையும் உண்மையில் அறிந்தவன். அல்லது நான்கு ஒத்த சொற்களைக் கொடுத்து, இந்த வாக்கியத்தில் எது பொருந்தாது, ஏன் என்று தமிழிலேயே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

வகுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கு இதற்காகத் தேர்வுத் துறையின் ஆணை தேவையில்லை. பிள்ளைகள் புதுச் சொல் எழுதும் நோட்டில் 'ரெயின்' என்று எழுதினால், பக்கத்தில் 'ஹெவி' என்பதையும் சேர்த்து எழுதவையுங்கள். 'டீ' என்றால் 'ஸ்ட்ராங்'. 'டிராஃபிக்' என்றால் மறுபடியும் 'ஹெவி'. நாமும் கனமழை, கடும் நெரிசல் என்றுதானே சொல்கிறோம்; கன நெரிசல் என்று சொன்னால் காது ஏற்றுக்கொள்ளாது. பட்டியலில் தனியே நிற்கும் சொல்லைத் துணையோடு எழுதும் பழக்கம் ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிட்டால், பட்டப்படிப்புக்கு வரும்போது அந்தப் பிள்ளை ரோஜேயின் நூலைத் திறக்கத் தகுதி பெற்றிருப்பான். அதன் பிறகு அந்த நூல் அவனுக்கு நிச்சயம் உதவும்.